படிக்கிற பிள்ளைக்கு ஏரி எதற்கு?

"படிக்கிற பிள்ளைக்கு ஏரி எதற்கு, ஆமை எதற்கு?" கேட்கிறார்கள், பெற்றவர்கள். தாம்பரத்திலே, சேலையூரிலே, குரோம்பேட்டையிலே, சிட்லபாக்கத்திலே, விளக்கு வைத்த பிறகும் வீடு திரும்பாத மகனையோ மகளையோ எதிர்பார்த்து வாசற்படியிலே நிற்பவர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்மீது குற்றமில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள். பட்டம் வரும், வேலை வரும், பட்ட கடன் அடையும் என்று நாளை எண்ணிக்கொண்டு இருப்பவர்கள். பிள்ளையோ, ஏரியிலே நாமக்கோழி எத்தனை என்று எண்ணிவிட்டு வருகிறான், முழங்கால் வரை சேற்றோடு!

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதிலின் முதற்பாதி தாம்பரத்து மண்ணிலேயே வேர்விட்டு நிற்கிறது.

1937-ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது. கிடைத்த இடம் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. முட்புதர்க் காடு, முந்நூற்று அறுபது ஏக்கருக்குக் குறையாது. அந்த இடத்தை இன்றைய பசுமைச் சோலையாக ஆக்கியவர்களிலே முன் நிற்பவர் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ஆசிரியர். தாவரவியல் ஆசிரியரோ? அல்ல, வேதியியல்! குடுவையும் குழாயும் வைத்துப் பாடம் சொல்ல வந்தவர், துணைவியார் ஆலிசுடன் சேர்ந்து மரம் வளர்த்தார். தென்னாட்டு மலைகளிலே ஏறி, செடிகொடிகளை ஆராய்ந்து எழுதினார். "வேதியியல்காரருக்கு மரம் எதற்கு?" என்று அன்று எவரேனும் கேட்டு, அவரும் அதற்குப் பணிந்து போயிருந்தால், ஜி.எஸ்.டி. சாலையின் புகைக்கு இந்தப் பக்கம் புள்ளிமான் மேயும் ஒரு வளாகத்தை இன்று நாம் கண்டிருப்போமா?

"சரி ஐயா, மரம் பகலிலே நடுவது. நட்டுவிட்டு வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? நடு இரவிலே கடற்கரையிலே என்ன வேலை?" இது அடுத்த கேள்வி. மகள் இருக்கும் வீட்டிலே இந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கும். மகனுக்கு ஒரு கடிகாரம், மகளுக்கு ஒரு கடிகாரம் வைத்திருக்கிற சமுதாயம் அல்லவா நம்முடையது!

அந்த இரவு வேலை என்னவென்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தை பிறந்தது முதல் சித்திரை வரை, நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவிலே கரையேறி, மணலைப் பின்னங்கால்களால் தோண்டி, நூறு முட்டைகள், சில வேளை அதற்கும் மேல், இட்டு மூடிவிட்டு, தாய் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு எட்டிப் பார்ப்பதில்லை. மணலின் வெப்பம்தான் செவிலி. 45 நாள் முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவரும். ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்த மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு மிகுந்தால் பெண் மிகுதி. வெளிவந்த குஞ்சுக்கு வெளிச்சமே வழிகாட்டி. மனிதன் விளக்கேற்றாத காலத்திலே, இரவில் வெளிச்சமாகத் தெரிந்தது கடற்பரப்பு ஒன்றுதான். இன்று? விளக்குக் கம்பம் இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது! குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி ஊரை நோக்கி நகர்கிறது. நாயும் காக்கையும் வண்டிச் சக்கரமும் காத்திருக்கின்றன.

ஆகவே, நள்ளிரவிலே நடக்கிறார்கள் மாணவர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், மணலிலே. ஆமை ஊர்ந்த தடம் தெரிகிறதா என்று பார்த்து, தடத்தின் முடிவிலே மணலைத் தட்டிப் பார்த்து, முட்டையை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்திலே அதே ஆழத்தில் மீண்டும் புதைத்து, குஞ்சு வெளிவரும் நாளில் கடல்வரை கொண்டு சென்று விடுகிறார்கள். 1970-களிலே பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிவைத்த நடை இது. 1988-இல் மாணவர்களே ஒன்று கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று அதற்கு உருவம் கொடுத்தார்கள். அன்று நடந்தவர்களிலே ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர். படிப்பு கெட்டுப் போய்விடும் என்று அஞ்சுகிற பெற்றோர் இந்தச் செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாம் இனிப்பாகச் சொல்லிவிட்டு நழுவிவிட நமக்கு மனமில்லை. படிப்பை விட்டவரும் உண்டு. சதீஷ் பாஸ்கர் கிண்டி ஐ.ஐ.டி.யிலே பொறியியல் படிக்க வந்தவர். வகுப்பைவிடக் கடல் அவரை இழுத்தது. படிப்பைக் கைவிட்டு ஆமையின் பின்னே போனார். 1970-களின் பிற்பகுதி தொடங்கி, இந்தியக் கரையோரத்தை நாலாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு நடந்தே அளந்தவர். நம் நாட்டிலே எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற அறிவுக்கு அடித்தளம் போட்டவை அவருடைய கால்கள். 1982-இல் மழைக்காலம் முழுவதும், ஐந்து மாதம், லட்சத்தீவுகளைச் சேர்ந்த ஆளில்லாத் தீவொன்றிலே தன்னந்தனியாகத் தங்கினார். படகு போகாது, கடிதம் வராது. வீட்டிலே மனைவியும் மூன்று மாதக் கைக்குழந்தையும்! மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியிலே அடைத்துக் கடலில் எறிந்தார். இருபத்து நான்கு நாள் கழித்து அந்தப் புட்டி இலங்கைக் கரையிலே ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர், முகமறியாத பெண்மணிக்கு அதை அஞ்சலிலே அனுப்பி வைத்தார். 2023-இல் சதீஷ் பாஸ்கர் மறைந்தார்.

கேட்கச் சுவையான கதைதான். கைக்குழந்தையோடு அந்த ஐந்து மாதத்தைக் கழித்த வீட்டாருக்கு அது எப்படி இருந்திருக்கும்? நாம் அவரைப் போற்றுகிறோம். போற்றிக்கொண்டே, எல்லாப் பிள்ளைகளும் அவராக வேண்டியதில்லை என்றும் சொல்கிறோம். 1988-இல் அந்த மாணவர்கள் செய்த அரிய செயல் ஆமையைக் காத்தது மட்டுமல்ல. ஒருவர் தன் வாழ்வைக் கொடுத்துச் செய்ததை, பலர் ஆளுக்கு ஓர் இரவாகப் பங்கிட்டுக் கொண்டார்களே, அதுதான் அரிய செயல். வெள்ளிக்கிழமை இவர், சனிக்கிழமை அவர். ஒருவருக்குத் தேர்வு என்றால் மற்றவர் நடப்பார். மகள் தனியே போகவில்லை, கூட்டமாகப் போகிறாள். யார் யார் வருகிறார்கள் என்று தாய்க்குத் தெரியும். விடிந்ததும் கிண்டியிலே ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து, குளித்து, உண்டு, உறங்குவாள். வீட்டுக்கும் ஊருக்கும் இடையே மாணவனைக் கிழித்துவிடாமல் காப்பது அமைப்புத்தான். அவனுடைய வீரம் அல்ல. கழகங்களையும் சங்கங்களையும் கட்டி வளர்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டுமா!

நட்பும் அதிலேதான் சோதிக்கப்படுகிறது. மணலிலே உடன் நடப்பவன் ஒரு நண்பன். நடக்க வராமலே, பாடக் குறிப்பை எழுதிவைத்துக் கொடுப்பவனும் நண்பன்தான். பெரும்பாலும் இரண்டாமவனைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவனால் ஏன் வர முடியவில்லை என்று கேட்டால், மாலையிலே டியூஷன் எடுக்கிறான், அல்லது இருசக்கர வண்டியிலே உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துத் தன் கட்டணத்தைத் தானே சேர்க்கிறான் என்று தெரியவரும். வந்த இடத்திலே நிழற்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிற நண்பரும் உண்டு. அவரைப் பற்றி எழுதத் தேவையில்லை, அவரே எழுதிக்கொள்வார்.

கல்லூரி என்ன செய்கிறது? 1991-இல் உச்சநீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கிலே, சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கவேண்டும் என்றது. 2003-இல் மீண்டும் வற்புறுத்திய பிறகே, பட்டப்படிப்பு மாணவர் அனைவருக்கும் அது கட்டாயத் தாளாயிற்று. நல்லது. ஆனால் நடப்பது என்ன? 'ஈரநிலம் என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்' என்று தாளிலே கேட்பார்கள். அந்த ஈரநிலத்துக்குள்ளே இறங்கி நிற்கிற நாளிலே, வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை'! நூற்றுக்கு 75 நாள் வந்தால்தான் தேர்வெழுதலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தாருக்கு விலக்கு உண்டு, விளையாட்டு வீரருக்கு உண்டு. ஏரியிலே நிற்பவனுக்கு ஏன் கூடாது என்று கல்லூரி நிர்வாகங்கள் ஆற அமர யோசிக்கட்டும்.

பெற்றோரின் அச்சத்திலே இன்னொன்றும் இருக்கிறது. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். 2021 பிப்ரவரியில், பெங்களூரைச் சேர்ந்த திஷா ரவி என்ற 22 வயதுப் பெண்ணை டில்லிப் போலீசார் வீட்டிலிருந்து கொண்டு சென்றனர். உழவர் போராட்டத்தை ஆதரித்த ஒரு குறிப்பைத் திருத்திப் பகிர்ந்தது குற்றமாம், இராசத் துரோகமாம்! பத்து நாள் கழித்து நீதிமன்றம் ஜாமீன் தந்தது. ஆனால் அந்தப் பத்து நாளைத் தொலைக்காட்சியிலே பார்த்த தாம்பரத்துத் தாய், தன் மகள் வைத்திருக்கும் துண்டறிக்கையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினாள். ஒரு வழக்கு வந்தால் வேலை போகும், கடவுச்சீட்டு போகும், கலியாணப் பேச்சு போகும் என்று கணக்குப் போடுகிற தாயைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவளை அச்சுறுத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் ஆமைக்காக. ஆமை தூரத்தில் இருக்கிறது. அதற்காக நடப்பதிலே அலைச்சல் உண்டு, அச்சம் உண்டு. ஆனால் வீட்டின் அடித்தளம் ஆடுவதில்லை. ஏரி அப்படியல்ல. ஏரி வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. சில வேளைகளில், வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது!

தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகளை நம் முன்னோர் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், செம்பாக்கம் நிரம்பினால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு. ஒரு கண்ணியை அடைத்தால் மற்றக் கண்ணிகள் சும்மா இருக்குமா? பள்ளிக்கரணை 1960-களிலே ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்பர். 2007-இல் காப்புக்காடாக அறிவிக்க மிஞ்சியது 317 ஹெக்டேர். 2022-இல் ராம்சர் ஈரநிலம் என்று உலகப் பட்டியலில் ஏறியபோது குறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். மிச்சமெல்லாம் சாலை, கட்டடம், பெருங்குடிக் குப்பைமேடு! மேற்கே போனால் அடையாற்றுப் படுகை, முடிச்சூர், வரதராஜபுரம். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளிலே 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெருவிலே படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம், அதே படகு. இடையிலே, 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டு குடிநீருக்குத் தவித்தோம். அந்த ஆண்டுதான் சிட்லபாக்கத்து மக்கள் தாங்களே மண்வெட்டியோடு ஏரியிலே இறங்கி, குப்பையை வாரி, தூர் எடுத்தார்கள். இளைஞர்களும் முதியவர்களும் ஒன்றாக. பிறகுதான் அரசின் சீரமைப்புப் பணி வந்தது.

இப்போது ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 51அ பிரிவைப் படித்திருக்கிறான். காட்டையும் ஏரியையும் ஆற்றையும் காப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் சேர்த்த பிரிவு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் வில்லை ஒட்டி, தன் ஊர் ஏரியின் பழைய அளவைப் பதிவேட்டைக் கேட்கிறான். முப்பது நாளில் பதில் வருகிறது. புலப்படத்தை விரித்துப் பார்க்கிறான். ஏரிக்குள்ளே எந்தெந்தப் புல எண்கள் அடங்கியிருக்கின்றன என்று விரலை ஓட்டுகிறான். விரல் ஓரிடத்தில் நிற்கிறது. அந்த எண், அவன் வீட்டின் எண்!

அப்பா மீஞ்சூரிலோ அம்பத்தூரிலோ தொழிற்சாலையில் உழைத்து, ஓய்வுக்கு வைத்த பணத்தையும் அம்மாவின் நகையையும் போட்டு வாங்கிய மனை. விற்ற தரகர் 'ஏரிக்கரை, நல்ல காற்று' என்றார். பத்திரம் பதிந்தது அரசின் அலுவலகம். மின்சாரம் கொடுத்தது அரசின் வாரியம். வீட்டுவரி வாங்கியது உள்ளாட்சி. சாலை போட்டார்கள், தேர்தலிலே வாக்கும் கேட்டார்கள். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை சொன்னது 2016 செப்டம்பரில். அதற்கு முன்னே? கடை விரித்தவன் விரித்தான், பதிந்தவன் பதிந்தான், ஏமாந்தவன் ஏமாந்தான்!

இரவு உணவு வேளையில் மகன் அந்தத் தாளை அப்பா முன்னே வைப்பானா? வைத்தால், "என்னை வீட்டை விட்டுத் துரத்தத்தான் படிக்க வைத்தேனா?" என்று அவர் கேட்பார். வைக்காவிட்டால், நாளைக் காலை நண்பர்களோடு ஏரிக்கரையிலே நின்று 'ஆக்கிரமிப்பை அகற்று' என்று முழங்க அவனுக்கு நா எழுமா? இதுதான் தென்சென்னைப் புறநகர் மாணவனின் உண்மையான சங்கடம். வருகைப் பதிவேடும் தேர்வும் இதன் முன்னே சிறு விஷயங்கள்.

இந்தச் சங்கடத்துக்கு அவன் காரணமல்ல, அவன் அப்பாவும் காரணமல்ல. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டிலே தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தில் பழுதில்லை; அது நடந்துபோகும் பாதையிலேதான் பழுது. இயந்திரம் வரும்போது முதலில் ஓலைக் குடிசைக்கு வருகிறது, பிறகு ஓட்டு வீட்டுக்கு வருகிறது, பளிங்குக் கட்டடத்தின் வாயிலுக்கு வந்ததும் அதற்கு எண்ணெய் தீர்ந்துபோகிறது! கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஏழைகளை அகற்றினார்களே, எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும். பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் தேங்குகிற அதே தாழ்நிலத்திலே! வெள்ளத்திலிருந்து எடுத்து வெள்ளத்திலே வைத்த விந்தை இது. இதைக் கண்ட மாணவன், 'ஏரியைக் காப்பாற்று' என்பதோடு நிற்க மாட்டான். 'விற்றவனைப் பிடி, பதிந்தவனைக் கேள், உழைத்து வாங்கியவனுக்கு மேட்டிலே, அவன் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலே மாற்று வீடு கொடு' என்பதையும் சேர்த்துக் கேட்பான். அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டால், அந்தத் தாளை அப்பா முன்னே வைக்கவும் அவனுக்குத் துணிவு வரும். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிப்பார்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை எல்லாம் ஒரே குடையின்கீழ் வந்துவிட்டன. ஏரிச் சங்கிலியின் மேற்கண்ணிகளிலே பல இப்போது ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள்! இனி ஒரு பேரூராட்சி மற்றொன்றைக் கைகாட்ட முடியாது. ஒவ்வொரு ஏரிக்கும் பழைய எல்லை எது, இன்றைய எல்லை எது, உள்ளே அடங்கிய புல எண்கள் எவை, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் எந்தப் பதிவகத்தில் பத்திரமாயிற்று என்ற பட்டியலைத் தமிழிலே எழுதி, வட்ட அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். மாணவன் பத்து ரூபாய் வில்லையோடு வந்து வரிசையிலே நிற்கத் தேவையில்லாதபடி, அக்டோபரிலே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னே ஒட்டுவார்களா?